நாளைக்கென்று ஒத்திவைத்த பிரிவுகள்

தென்னாப்பிரிக்காவின் சட்டத்தொழில் சட்டம் 2014-ல் நிறைவேறியது. அவ்வாண்டின் 28-ஆம் எண் சட்டம் அது. 2018 நவம்பர் முதல் தேதி அதன் பெரும்பகுதி நடைமுறைக்கு வந்தது. ஆப்பிரிக்க வழக்கறிஞர் நிறுவனங்களின் எதிர்காலம் என்னவென்று கேட்டால், எத்தனை சுரங்கங்கள், எத்தனை மின்நிலையங்கள், எத்தனை நிறுவன இணைப்புகள் என்று எண்ணிக் காட்டும் சந்தை அறிக்கைகளைத்தான் பலரும் நீட்டுவார்கள். நான் இந்தச் சட்டத்தை எடுத்துக்கொண்டேன். கண்டத்தின் மிகப் பெரிய நிறுவனங்கள் பலவற்றுக்கு ஜோகன்னஸ்பர்க்தான் தலைமையிடம். அவை இந்தச் சட்டத்துக்குள் இருந்துகொண்டுதான் நைரோபிக்கும் லாகோஸுக்கும் கை நீட்டுகின்றன.

இதைத் திரும்பத் திரும்பப் படித்ததில் எனக்கு ஒன்று உறுதியாகத் தோன்றியது. இச்சட்டம் துணிந்து தீர்த்து வைத்தவை எல்லாம் கடந்த காலத்தின் கணக்குகள். வருங்காலத்தைத் தீர்மானிக்கப்போகும் கேள்விகள் வந்த இடத்தில் எல்லாம், பிறகு ஆராயலாம், பிறகு விதி வகுக்கலாம் என்று ஒத்திவைத்துவிட்டது. ஒத்திவைத்த இடங்கள் காலியாக இல்லை. வேறு பலர் அங்கே வந்து உட்கார்ந்து முடிவெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மூலத்தின் கருத்தை என் சொற்களில் சுருக்கித் தந்து, அதன்கீழ் உரை எழுதுகிறேன். எல்லாப் பிரிவுகளுக்கும் அல்ல. இந்தக் கேள்வியைத் தொடும் பிரிவுகளுக்கு மட்டும்.

முகப்புரை

சட்டத்தொழில் பகுதிக்கு ஒரு விதியாகப் பிளவுபட்டிருக்கிறது. நாட்டு மக்களின் கலவை அதில் தெரியவில்லை. உள்ளே நுழையும் வழி குறுகலாக இருக்கிறது. பெரும்பாலான மக்களுக்குச் சட்ட உதவி எட்டுவதில்லை. இவற்றை மாற்றவே இச்சட்டம்.

இந்த நான்கு குறைகளும் நிறப் பாகுபாடு என்ற ஒரே வேரிலிருந்து வந்தவை. 1894-ல் காந்தி நடாலில் அட்வகேட்டாகப் பதிவு கேட்டபோது அங்கிருந்த வழக்கறிஞர் சங்கம் எதிர்த்து நின்றது. நீதிமன்றம் அந்த எதிர்ப்பைத் தள்ளியதால்தான் அவர் உள்ளே வர முடிந்தது. 1952-ல் ஜோகன்னஸ்பர்க்கின் சான்சலர் ஹவுஸில் மண்டேலாவும் ஆலிவர் டாம்போவும் நிறுவனம் தொடங்கினார்கள். சட்டமறுப்பு இயக்கத்தில் பெற்ற தண்டனையைக் காரணம் காட்டி, மண்டேலாவின் பெயரை நீக்க வேண்டும் என்று டிரான்ஸ்வால் வழக்கறிஞர் சங்கம் 1954-ல் வழக்குப் போட்டது, நீதிமன்றம் மறுத்தது. இரண்டு முறையும் கதவை அடைக்க முயன்றது வழக்கறிஞர் சங்கம்தான். தொழிலை நெறிப்படுத்தும் அதிகாரத்தை மாகாணச் சங்கங்களிடமிருந்து எடுத்து ஒரு தேசியக் கவுன்சிலிடம் தரவேண்டும் என்று நாடாளுமன்றம் நினைத்ததற்கு இந்த வரலாறு போதும்.

நவநீதம் பிள்ளை டர்பனில் தமிழ் வம்சாவளிக் குடும்பத்தில், ஒரு பேருந்து ஓட்டுநரின் மகளாகப் பிறந்தவர். 1967-ல் நடாலில் சொந்தமாக வழக்கறிஞர் அலுவலகம் திறந்த முதல் வெள்ளையரல்லாத பெண் அவர். சொந்த அலுவலகம் தவிர அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. வெள்ளை ஊழியர்கள் அவரிடம் உத்தரவு வாங்க நேரும் என்பதால் எந்த நிறுவனமும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ராபன் தீவுக் கைதிகள் வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமையை 1973-ல் பெற்றுத்தந்தவர், பின்னாளில் ஐ.நா. மனித உரிமை உயர் ஆணையர், அந்தச் சிறிய அலுவலகத்திலிருந்து வந்தவர்.

தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞர் அலுவலகங்களில் பெரும்பாலானவை இன்றும் தனி ஒருவர் நடத்துபவை. சந்தை அறிக்கைகள் இவற்றை வளராத நிறுவனங்கள் என்று ஒதுக்கிவிடுகின்றன. ஆனால் பெரிய நிறுவனங்கள் கதவை மூடியதால் பிறந்தவை இவற்றில் ஏராளம். ஆகவே நிறுவனங்களின் எதிர்காலம் பற்றிப் பேசும் எவரும், ஜோகன்னஸ்பர்க்கின் வணிகப் பகுதியான சாண்ட்டனின் கண்ணாடி மாடிகளை மட்டும் பார்த்துப் பேசக்கூடாது.

மாடிகளிலும் இந்த முகப்புரையின் கணக்கு இன்னும் தீரவில்லை. சட்டத்துறைக்கான கறுப்பினப் பொருளாதார மேம்பாட்டு விதித்தொகுப்பு 2024 செப்டம்பரில் அரசிதழில் வந்தது. நிறுவனங்களில் கறுப்பினத்தவரின் உரிமைப் பங்கு ஆண்டுக்கு ஆண்டு உயரவேண்டும் என்று அது இலக்கு வைக்கிறது. மிகப் பெரிய நிறுவனங்கள் சில அதை எதிர்த்து நீதிமன்றம் போயின. இலக்கின் வேகம் நடைமுறைக்கு ஒவ்வாது என்ற அவர்களின் வாதத்தை நான் உதறித்தள்ளவில்லை. ஆனால் மக்களாட்சி வந்து முப்பது ஆண்டுகள் ஆன பிறகும் இலக்கு வைக்கும் வேலை அரசிடம் விடப்பட்டது என்றால், அந்தத் தாமதத்துக்குப் பொறுப்பு நிறுவனங்களுடையதே.

பிரிவு 4

நாடு முழுவதற்கும் ஒரே சட்டத்தொழில் கவுன்சில்.

இதற்கு நீண்ட உரை வேண்டாம். அட்டர்னிகளுக்கு 1979-ஆம் ஆண்டுச் சட்டமும் அட்வகேட்டுகளுக்கு 1964-ஆம் ஆண்டுச் சட்டமும் தனித்தனியே இருந்தன. நிறவெறி அரசு கறுப்பினத்தவருக்கென ஒதுக்கிய பழைய 'தாயக' நிலப்பகுதிகளுக்கு வேறு விதிகள். எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்தன. கட்சிக்காரரை நேரில் சந்தித்து வழக்கை நடத்துபவர் அட்டர்னி, அவர் அழைத்தால் உயர் நீதிமன்றத்தில் வாதாடுபவர் அட்வகேட் என்ற பிரிவினை தொடர்கிறது. இரு சாராரையும் கண்காணிப்பது மட்டும் இப்போது ஒரே அமைப்பு.

பிரிவு 24

தகுதியும் ஒழுக்கமும் உடையவரை உயர் நீதிமன்றம் வழக்கறிஞராகச் சேர்க்கவேண்டும். ஆனால் அவர் தென்னாப்பிரிக்கக் குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவராகவோ இருக்கவேண்டும். வெளிநாட்டு வழக்கறிஞர்களுக்கான விதிகளை அமைச்சர் பிறகு வகுக்கலாம்.

முகப்புரையில் கதவு குறுகல் என்று வருந்திய அதே சட்டம் இங்கே எல்லையில் கதவைச் சாத்துகிறது. லெசோத்தோவிலிருந்தும் ஜிம்பாப்வேயிலிருந்தும் வந்து, தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களில் சட்டம் படித்துத் தேறியவர்கள் இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். ரஃபொனெகே வழக்கு என்று அதற்குப் பெயர். 2022 ஆகஸ்டில் அரசியல் சாசன நீதிமன்றம் இந்த நிபந்தனை செல்லும் என்று தீர்ப்பளித்தது. தொழிலைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அரசியல் சாசனம் குடிமக்களுக்கே தருகிறது. அதை மற்றவர்க்கும் நீட்டுவதும் நீட்டாததும் நாடாளுமன்றத்தின் விருப்பம் என்பது தீர்ப்பின் சாரம். சட்ட நோக்கில் அதில் பிழை காண்பது கடினம். ஆனால் நிறுவனங்களின் எதிர்காலத்துக்கு இது கண்டத்துக்கே ஒரு செய்தியாகிவிட்டது. எந்த நாடும் தன் வழக்கறிஞர் தொழிலைத் தானாகத் திறந்துவிடப்போவதில்லை.

பிரிவின் கடைசி வரியைக் கவனியுங்கள். விதி பிறகு வரும் என்கிறது. 2018 மார்ச்சில் கிகாலியில் ஆப்பிரிக்க நாடுகள் கையெழுத்திட்ட கண்டத் தடையற்ற வணிகப் பகுதி ஒப்பந்தத்திலும் சேவை வணிகத்துக்கு ஒரு நெறிமுறை உண்டு. முதலில் திறக்கவேண்டிய ஐந்து துறைகளில் வணிகச் சேவைகள் ஒன்று. வழக்கறிஞர் சேவை அதற்குள் அடங்கும். அங்கும் தகுதிகளைப் பரஸ்பரம் ஏற்பது பிற்பாடு நாடுகள் பேசித் தீர்க்கவேண்டிய வேலைதான்.

இதற்கிடையில் நிறுவனங்கள் காத்திருக்கவில்லை. போமன்ஸ் நைரோபியின் கோல்சன் ஹார்னியோடு சேர்ந்து 2017-ல் எல்லா அலுவலகங்களுக்கும் ஒரே பெயரிட்டது. க்ளிஃப் டெக்கர் ஹோஃப்மெயர் 2021-ல் கென்யாவின் கியெட்டி நிறுவனத்தோடு இணைந்தது. 1902-ல் தொடங்கிய நைரோபி நிறுவனமான ஹாமில்டன் ஹாரிசன் அண்ட் மாத்யூஸ், டென்டன்ஸ் என்ற உலகப் பெயருக்குள் போனது. வழக்கறிஞர் எல்லை தாண்ட முடியாததால் பெயர்ப்பலகை தாண்டுகிறது. அந்தந்த நாட்டில் பதிவு பெற்றவர்கள் அங்கேயே வேலை செய்ய, மேலே ஒரு பொதுப் பெயர் நிற்கிறது.

இந்த வழி எல்லோருக்கும் கைகொடுக்கவில்லை. லண்டனின் ஆலன் அண்ட் ஓவரி 2014-ல் ஜோகன்னஸ்பர்க்கில் அலுவலகம் திறந்தது. பத்தாண்டுகள் கழித்து, அமெரிக்க நிறுவனத்தோடு இணைந்து ஏ அண்ட் ஓ ஷெர்மன் ஆன பிறகு, 2024-ல் அதை மூடப்போவதாக அறிவித்தது. உலக நிறுவனங்கள் வந்து ஆப்பிரிக்க நிறுவனங்களை விழுங்கிவிடும் என்று முன்பு பலர் அஞ்சினார்கள். எனக்கு வேறு கவலை. வெளியார் லாபம் குறைந்ததும் கிளம்பிவிடுவார்கள். அதற்குள் பெரிய வேலைகளைத் தாங்கும் திறமை உள்ளூர் நிறுவனங்களிடம் வளர்ந்திருக்க வேண்டும்.

வளராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நைஜீரியா கொடுத்த விலையே சான்று. 2010-ல் அதன் பெட்ரோலிய அமைச்சகம் பி அண்ட் ஐடி என்ற கம்பெனியோடு இருபது ஆண்டு எரிவாயு ஒப்பந்தம் செய்தது. ஒப்பந்தம் நிறைவேறவில்லை. 2017-ல் லண்டன் நடுவர் மன்றம் நைஜீரியா 660 கோடி டாலர் தரவேண்டும் என்றது. வட்டியோடு அது 1,100 கோடியைத் தாண்டியது. லஞ்சமும் பொய்ச் சாட்சியமும் கலந்து பெற்ற தீர்ப்பு அது என்று கண்டு, லண்டன் உயர் நீதிமன்றம் 2023 அக்டோபரில் நைஜீரியா பக்கம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் நைஜீரியாவின் எரிவாயுவைப் பற்றியது. நைஜீரியா தப்பியதா இல்லையா என்று முடிவானது லண்டனில். இத்தகைய பேரங்களில் அரசுகளுக்குச் சட்டத் துணை கிடைக்க வேண்டுமென்றே, ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியின் முயற்சியில் உருவான ஓர் அமைப்பு அபிஜானில் இயங்குகிறது. அரசு ஒப்பந்தங்களை எழுதும் வேலை உள்ளூர் நிறுவனங்களுக்கு வரும் அளவுக்குத்தான் அவை பெரிய நிறுவனங்களாக வளர முடியும் என்று நம்புகிறேன்.

எல்லை தாண்டும் விஷயத்தில் பிரெஞ்சு மரபு நாடுகள் வேறு பாதை எடுத்தன. 1993-ல் போர்ட் லூயிஸில் கையெழுத்தான ஒஹாடா ஒப்பந்தத்தில் இன்று 17 நாடுகள் இருக்கின்றன. கம்பெனிச் சட்டமும் நொடிப்புச் சட்டமும் இந்த நாடுகள் எல்லாவற்றுக்கும் ஒன்றே. இறுதி நீதிமன்றம் அபிஜானில். மேற்கு ஆப்பிரிக்க நாணய ஒன்றியத்தின் எட்டு நாடுகளும் அதே 2014-ல், ஒரு நாட்டு வழக்கறிஞர் மற்றொன்றில் பணியாற்ற வழிசெய்யும் விதியைக் கொண்டுவந்தன. அபிஜான் வழக்கறிஞர் டாக்கரில் எழுதிய ஒப்பந்தத்தைத் தன் ஊர்ச் சட்டமாகவே படிக்கலாம். ஆங்கில மரபு நாடுகளிடம் இப்படி ஒன்று இல்லை. ஜோகன்னஸ்பர்க்கும் லாகோஸும் நைரோபியும் தனித்தனியே பெரியவை என்பதே அவை சேராததற்குக் காரணம் என நினைக்கிறேன்.

பிரிவு 26

சட்டப் பட்டம், நடைமுறைப் பயிற்சி, தேர்வு ஆகியவை சேர்க்கைக்கான தகுதிகள்.

தாளில் இது எல்லோருக்கும் சமம். ஆனால் பயிற்சிக்கு ஒரு நிறுவனம் இடம் தரவேண்டும். சட்டப் பட்டத்தோடு வெளியே வரும் இளைஞர் பயிற்சி ஒப்பந்தம் கிடைக்காமல் அலைவது அந்நாட்டில் பழகிப்போன துயரம். பல நிறுவனங்கள் ஓட்டுநர் உரிமமும் சொந்தக் காரும் இருப்பவர்களையே எடுத்தன. நீதிமன்றத்துக்கும் பதிவு அலுவலகத்துக்கும் தாள்களைச் சுமந்துகொண்டு ஓடுவது பயிற்சியாளரின் வேலை அல்லவா. கார் வைத்திருக்கும் குடும்பம் எது, வைத்திராத குடும்பம் எது என்பதைத் தென்னாப்பிரிக்காவில் விளக்க வேண்டியதில்லை. கவுன்சில் பின்னால் விதியைத் திருத்தி இந்த நிபந்தனையைத் தடுத்தது. இச்சட்டத்தின் கீழ் நடந்த சிறிய மாற்றங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இப்போது தாள்கள் ஓடுவதில்லை. ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கவுட்டெங் மாகாணத்து உயர் நீதிமன்றங்களில் வழக்குக் கோப்புகள் இணையவழிக்கு மாறிவிட்டன. காருக்கு அவசியம் போனது நல்லதுதான். கூடவே பயிற்சியாளருக்கான அவசியமும் போய்விடுமோ என்ற அச்சத்தை அடுத்த பிரிவில் சொல்கிறேன்.

பிரிவு 33

பதிவு பெற்ற வழக்கறிஞர் தவிர வேறு எவரும் கூலி வாங்கிக்கொண்டு நீதிமன்றத்தில் வாதாடவோ வழக்கு ஆவணங்களைத் தயாரிக்கவோ கூடாது.

வழக்கறிஞர் நிறுவனங்களின் பிழைப்பு நிற்பது இந்த வேலியின் மேல்தான். ஆள் அல்லாத ஒன்று ஆவணம் தயாரிக்கும் காலம் வரும் என்று 2014-ல் இதை எழுதியவர்கள் எண்ணியிருக்கமாட்டார்கள்.

2025 ஜனவரியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றம் மவுண்ட்லா வழக்கில் ஒரு தீர்ப்புத் தந்தது. மேல்முறையீட்டு அனுமதி கேட்ட மனுவில் ஒன்பது முன்தீர்ப்புகள் காட்டப்பட்டிருந்தன. தேடியபோது இரண்டுதான் உண்மையில் இருந்தன. செயற்கை நுண்ணறிவு கற்பித்துத் தந்தவையாக மற்றவை இருக்கக்கூடும் என்று நீதிமன்றம் ஐயுற்றது. அந்த ஆய்வைச் செய்தவர் ஒரு பயிற்சி வழக்கறிஞர். அவருக்கு மேலே இருந்த யாரும் அதைச் சரிபார்க்கவில்லை. விஷயம் சட்டத்தொழில் கவுன்சிலுக்கு அனுப்பப்பட்டது.

இந்தத் தீர்ப்பைப் பலர் தொழில்நுட்பத்தின் ஆபத்துக்கு எடுத்துக்காட்டாகப் பேசினார்கள். எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது மேற்பார்வைக் குறைவு. முன்தீர்ப்பைத் தேடி, படித்து, சீனியரிடம் கொண்டுபோய்த் திட்டு வாங்கித் திருத்துவதுதான் ஜூனியர் கற்கும் வழி. அந்தத் தேடலை இயந்திரம் செய்துவிட்டால் நிறுவனம் ஜூனியர்களைக் குறைக்கும். பெரிய நிறுவனங்களின் கம்பெனி விற்பனை வேலைகளில் ஆயிரக்கணக்கான ஒப்பந்தங்களைப் படித்துக் குறிப்பெடுக்கும் பணிக்கு ஜூனியர் குறைவாகவே போதும் என்ற நிலை வந்துகொண்டிருக்கிறது. அப்போது முதலில் மூடுவது பிரிவு 26 திறந்துவைத்த பயிற்சி வாசல். கார் இல்லாத வீட்டுப் பிள்ளை உள்ளே வர இப்போதுதான் வழி கிடைத்தது.

மறுபக்கமும் உண்டு. முழு நூலகத்துக்குச் சந்தா கட்ட முடியாத, கிழக்கு கேப் மாகாணத்து ம்தாதாவின் ஒற்றை அலுவலகத்துக்கு இந்தக் கருவிகள் பெரிய பலம். அங்கே வரும் கட்சிக்காரர் பேசுவது இசிகோசா. நீதிமன்றப் பதிவு ஆங்கிலத்தில். இரண்டையும் நன்கு தெரிந்த வழக்கறிஞருக்கு ஆங்கில வரைவை இயந்திரம் எழுதித் தந்தால், கட்சிக்காரரோடு உட்கார்ந்து பேச நேரம் மிஞ்சும். அவர் சரிபார்க்கும் கடமையை விட்டுவிடாதவரை, கருவியால் அதிகம் பயன்பெறக்கூடியவை சாண்ட்டனைவிட இத்தகைய அலுவலகங்களே என்பது என் எண்ணம்.

பிரிவு 34, முதல் ஏழு உட்பிரிவுகள்

அட்வகேட் அட்டர்னி வழியாகவும், கட்சிக்காரர் பணத்துக்கு ஈடு நிற்கும் ஃபிடெலிட்டி ஃபண்டின் சான்றிதழ் பெற்றால் நேரடியாகவும் கட்சிக்காரரை ஏற்கலாம். நிறுவனத்தின் பங்குதாரர்கள் அனைவரும் அட்டர்னிகளாகவே இருக்கவேண்டும். நிறுவனத்தின் கடனுக்கும் கையாடலுக்கும் அவர்கள் தனித்தனியாகவும் சேர்ந்தும் பொறுப்பு.

அட்வகேட்டுக்கு நேரடி வாசலைத் திறந்தது துணிச்சல். இருவருக்குக் கட்டவேண்டிய ஃபீஸை ஒருவருக்குக் கட்டினால் போதும் என்ற நிலை சாதாரணக் கட்சிக்காரருக்கு ஆறுதல்.

பங்கு உரிமையில் சட்டம் பழமையைப் பிடித்துக்கொண்டது. வெளியார் முதலீடு உள்ளே வரமுடியாது. ஒரு நிறுவனம் மென்பொருள் வாங்கவோ கிளை திறக்கவோ விரும்பினால் பங்குதாரர்களின் சட்டைப்பையிலிருந்தோ வங்கிக் கடனிலிருந்தோதான் பணம் வரவேண்டும். தலைமுறைகளாகப் பணம் சேர்த்த பழைய வெள்ளை நிறுவனங்களுக்கு இது சுமை அல்ல. நேற்றுத் தொடங்கிய கறுப்பின நிறுவனத்துக்கு இதுவே பெருந்தடை. வழக்கறிஞரின் சுதந்திரத்தைக் காக்க இந்த விதி அவசியம் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. முதலீடு போட்டவர் வழக்கில் தலையிடுவார் என்ற அச்சம் வீண் அச்சம் அல்ல. ஆனால் அதற்கு விலை கொடுப்பவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

பெரிய தணிக்கை நிறுவனங்கள் இந்த வேலிக்கு வெளியே இருந்துகொண்டே வரி ஆலோசனை, தொழிலாளர் சட்ட ஆலோசனை, கம்பெனிப் பதிவு என்று நீதிமன்றம் போகாத வேலைகளை ஆப்பிரிக்கா முழுவதும் எடுத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு ஏறக்குறைய எல்லாத் தலைநகரங்களிலும் கணக்காளர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். எந்த வழக்கறிஞர் நிறுவனத்துக்கும் அப்படி ஒரு பரவல் இல்லை.

பிரிவு 35

ஃபீஸ் நியாயமாக இருக்கவேண்டும். அதற்கான வழிமுறையைச் சட்டச் சீர்திருத்த ஆணையம் ஆராயவேண்டும். வேலையை ஏற்கும்போதே உத்தேசச் செலவைக் கட்சிக்காரருக்கு எழுத்தில் தரவேண்டும்.

இந்தச் சட்டத்திலேயே எளிய மனிதருக்கு மிக நெருக்கமான பிரிவு இது. சட்டத்தின் பெரும்பகுதி நடைமுறைக்கு வந்த அன்று, எழுத்தில் செலவு சொல்லும் கடமை ஒத்திவைக்கப்பட்டது. ஆணையம் ஆராய்ந்து முடிக்கட்டும் என்றார்கள். வக்கீல் வீட்டுப் படியேறும் எவருக்கும் முதலில் வரும் கேள்வி மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதே. அதற்குத் தாளில் பதில் தரச்சொல்ல ஏன் ஆராய்ச்சி வேண்டும்?

சிறிய நிறுவனங்கள் உண்மையில் எதை நம்பிப் பிழைக்கின்றன என்பதும் இங்கே பேசவேண்டியது. எரிபொருள் வரியில் இயங்கும் சாலை விபத்து நிதியத்தின் மீதான இழப்பீட்டு வழக்குகள் ஆயிரக்கணக்கான அலுவலகங்களுக்குச் சோறு போட்டன. 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஜெயித்தால் மட்டும் ஃபீஸ் என்று ஒப்புக்கொண்ட வழக்கறிஞர், கிடைத்த தொகையில் 25 சதவீதம் அல்லது வழக்கமான ஃபீஸின் இரட்டிப்பு, இவற்றில் குறைவானதை வாங்கலாம். ஏழைக்கு வழக்குப் போட வழி தந்தது இந்த ஏற்பாடு. அதே நிதியத்துக்காக வாதாடிய வழக்கறிஞர் குழுவை 2020-ல் நிதியம் விட்டொழித்ததும், அந்த வேலையை மட்டும் நம்பியிருந்த பல அலுவலகங்கள் தடுமாறின.

கவுட்டெங் மாகாணத்தில் வழக்குகள் குவிந்து, விசாரணைத் தேதி 2031 வரை தள்ளிப்போனது. 2025 ஏப்ரலில் அங்குள்ள நீதிமன்றத் தலைவர், சிவில் வழக்குகள் முதலில் சமரசத்துக்குப் போய் வரவேண்டும் என்று உத்தரவிட்டார். விபத்து வழக்குகளையே நம்பிய நிறுவனத்துக்கு இது அடி. கட்சிக்காரருக்கு நன்மை என்றே கருதுகிறேன். காலிழந்தவர் ஆறு ஆண்டு காத்திருப்பதைவிட ஆறு மாதத்தில் பேசி முடிப்பது மேல். சமரசம் பேசத் தெரிந்த, அதற்கு ஒரே தொகையாக ஃபீஸ் சொல்லத் தெரிந்த சிறிய நிறுவனம் இந்த மாற்றத்தில் பிழைக்கும்.

பிரிவு 55, 86

கட்சிக்காரர் பணம் தனி டிரஸ்ட் கணக்கில் இருக்கவேண்டும். வட்டி ஃபிடெலிட்டி ஃபண்டுக்குப் போகும். வழக்கறிஞர் பணத்தைத் திருடினால் ஃபண்ட் ஈடு செய்யும்.

வீடு வாங்குபவரின் முன்பணம் வழக்கறிஞர் கணக்கில் கிடக்கும் நாட்களில் சேரும் வட்டி, யாரோ ஒருவர் ஏமாற்றப்பட்டால் அவருக்கு ஈடாகிறது. நல்ல ஏற்பாடு, இதில் மாற்றச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

பிரிவு 34, ஒன்பதாம் உட்பிரிவு

இரண்டு ஆண்டுகளுக்குள் கவுன்சில் ஆராய்ந்து அமைச்சருக்குப் பரிந்துரைக்க வேண்டியவை: வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள நிறுவனங்கள், பல தொழிலர் சேர்ந்து நடத்தும் நிறுவனங்கள், பாராலீகல்கள் எனப்படும், வழக்கறிஞர் அல்லாத சட்ட உதவியாளர்களுக்குச் சட்ட அங்கீகாரம்.

எண் வரிசையை மீறி இதைக் கடைசியில் வைத்தேன். கெடு 2020-லேயே முடிந்துவிட்டது. இந்த மூன்றில் எதுவும் சட்டத் திருத்தமாக வந்து சேரவில்லை.

முதல் இரண்டும் வராததால் நிறுவனங்களுக்கு நஷ்டம், மேலே சொன்னேன். மூன்றாவது வராததால் மக்களுக்கு நஷ்டம். தென்னாப்பிரிக்காவின் சிற்றூர்களில் சமூக ஆலோசனை மையங்கள் பல பத்தாண்டுகளாக இயங்குகின்றன. நிறவெறிக் காலத்தில், கறுப்பினத்தவரின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்திய பாஸ் சட்டத்தில் சிக்கியவர்களுக்கு உதவிய பிளாக் சாஷ் என்ற பெண்கள் அமைப்பின் ஆலோசனை அலுவலகங்கள் அந்த மரபின் முன்னோடிகள். ஓய்வூதியம் நின்றுபோன முதியவர், கூலி கிடைக்காத பண்ணைத் தொழிலாளி, வீட்டைவிட்டு வெளியேற்றப்படும் பெண் எல்லோரும் முதலில் போவது அங்கேதான். அங்கே உட்கார்ந்திருக்கும் பாராலீகலுக்குப் பயிற்சி இருக்கிறது, அனுபவம் இருக்கிறது. சட்டத்தில் இடம் இல்லை, நிலையான சம்பளமும் இல்லை.

பாராலீகல்களை அங்கீகரிப்பது நடக்கமுடியாத கனவு என்று யாரும் சொல்லமுடியாது. உள்நாட்டுப் போரில் சிதைந்த சியரா லியோன், 2012-ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டத்திலேயே பாராலீகல்களை அங்கீகரித்து, பாரம்பரியத் தலைவர் ஆளும் ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவர் வேண்டும் என்றது. மலாவி தன் சட்ட உதவிச் சட்டத்தில் இடம் தந்தது. கென்யா 2016-ல் தந்தது. வழக்கறிஞர்கள் குறைவாக இருந்த நாடுகள் முந்திக்கொண்டன. 30,000-க்கும் மேற்பட்ட அட்டர்னிகள் உள்ள நாடு தயங்குகிறது. எண்ணிக்கைதான் தயக்கத்துக்குக் காரணம் என்று சந்தேகிக்கிறேன். வேலை பறிபோகும் என்று சிறிய அலுவலகங்கள் அஞ்சுகின்றன.

அந்த அச்சம் தவறான இடத்தில் விழுகிறது. ஆலோசனை மையத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு ஒருபோதும் போயிராதவர்கள். ம்தாதாவிலோ தொஹோயாண்டோவிலோ உள்ள ஓர் அட்டர்னி, சுற்றுவட்டார மையங்களின் பாராலீகல்களோடு முறையான ஏற்பாடு வைத்துக்கொள்ள முடிந்தால், அவர்கள் தீர்க்கக்கூடியதைத் தீர்த்துவிட்டு, நீதிமன்றம் போகவேண்டிய நிலத் தகராறையும் பரம்பரைச் சொத்து வழக்கையும் அவரிடம் அனுப்புவார்கள். விபத்து நிதியத்தின் வேலை வற்றினாலும் அந்த அலுவலகத்துக்குக் கட்சிக்காரர்கள் வருவார்கள். இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. அமைச்சருக்கு ஒரு பரிந்துரையும், நாடாளுமன்றத்தில் ஒரு திருத்தமும் போதும். பரிந்துரையை எழுதும் பொறுப்பை இந்த உட்பிரிவு ஏற்கெனவே கவுன்சிலிடம் கொடுத்திருக்கிறது.